குடும்பத்தார் கேட்ட ஒரு மாதத் தவணை

லண்டன் மாநகரத்தில் மனிதரை விட்டுவிட்டு மரங்களிடம் மட்டும் 'நீர் ஆற்ற ஆள், எந்தக் குடும்பம்?' என்று விசாரித்த ஒரே யாழ்ப்பாணத்தவர் எங்கள் குடும்பத்தார்தான். 'குடும்பத்தார்' என்பது நாங்கள் வைத்த பட்டம்தான், மனிதருக்குக் கலியாணமே ஆகவில்லை. எண்பதுகளில் ஈஸ்ட் ஹாமில் ஒரு வாடகை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். பெட்ரோல் நிலைய ஷிப்ட் முடிந்து வருகிறவர், வழியில் பொறுக்கிய கொப்புகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, எது எந்தத் தாவரக் குடும்பம் என்று நூலகப் புத்தகத்தைப் பார்த்துப் பிரிப்பார். ஒருநாள் என் சோற்றுக்கோப்பைக்குள் மேப்பிள் கொப்பு கிடந்தது.

"எறிஞ்சுபோடாதை தம்பி! இலை சோடி சோடியாய் எதிரெதிரே நிக்கிற ஆக்கள் இஞ்ச கொஞ்சப் பேர்தான்" என்று பதறினார்.

ரெய்னர்ஸ் லேனுக்குப் பெண் பார்க்க அவரை அழைத்துப் போனோம். தேத்தண்ணி வருமுன் ஆளைக் காணவில்லை. பின்வளவில் ஒரு மரத்தடியில் நின்று பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று பெண்ணின் தாய் கேட்டார்.

"இது செர்ரி மரம், அம்மா. ஆப்பிள், பியர் எல்லாம் இவைக்கு ஒண்டுவிட்ட சகோதரம். ரோசாக் குடும்பம். நல்ல இடம்!"

பெண்ணை அவர் கடைசிவரை பார்க்கவேயில்லை.

எங்கள் வீட்டுப் பின்வளவிலும் ஒரு மரம் நின்றது. ஏப்ரல் கடைசியில் தெருவெல்லாம் பச்சை பிடித்தபிறகும் அது மொட்டையாகவே நின்றது. அது எனக்கு லண்டனில் முதல் வசந்தம். இலை இல்லாத மரம் செத்த மரம் என்பதுதான் எனக்குத் தெரிந்த தாவரவியல். பட்மின்டன் விளையாட இடம் வேண்டுமென்ற ஆசை வேறு. வெட்டிவிடுவோம் என்றேன்.

"மே முடியுமட்டும் பொறு தம்பி" என்று குடும்பத்தார் கெஞ்சினார். "இது முசுக்கட்டை, இஞ்ச மல்பெரி எண்டுவினம். பிந்தித்தான் துளிர்க்கும். பலாவின்ர சொந்தம், வெட்டினால் பால் வரும்."

"அப்ப லண்டனிலை பலாச்சுளையும் தின்னலாமோ அண்ணை?" என்றேன். வீடே சிரித்தது.

மே முடியுமுன்னரே, அவர் ஷிப்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரரிடம் மரம் அறுக்கும் வாள் வாங்கி வெட்டினோம். பட்டையில் வாள் பட்டதுமே வெள்ளையாய்ப் பால் கசிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். சுற்றி நின்றவர்கள் முன் வெட்கப்பட்டு நான் தொடர்ந்து அறுத்தேன். அந்த வெட்கத்தை இன்றுவரை நான் எனக்கு மன்னிக்கவில்லை.

வேலையால் வந்தவர் ஏசவில்லை. அடிக்கட்டையைத் தன் சட்டைப்பைக் கைலேஞ்சியால் துடைத்தார்.

"உயிரோட இருந்தது தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுத்த கிழமையே ஸ்ட்ரெதமில் ஒரு அறை பார்த்துப் போய்விட்டார். நாங்கள் ஒருநாளும் பட்மின்டன் விளையாடவில்லை.

ஜூலையில் அடிக்கட்டையைச் சுற்றித் துளிர்கள் கிளம்பின. ஒரு இலையைப் பிடுங்கிக்கொண்டு ஸ்ட்ரெதமுக்கு ஓடினேன்.

"அவர் போன கிழமை கனடாவுக்குப் போயிட்டார். விலாசம் ஒண்டும் தரேல்லை" என்றார் கதவைத் திறந்தவர்.

திரும்பும்போது ரயிலில் வெட்கமில்லாமல் அழுதேன். எந்த நாட்டில், எந்த மரத்தடியில் நிற்கிறாரோ தெரியாது. அண்ணை, மரம் பிழைச்சிட்டுது. உங்களைத்தான் இன்னும் காணேல்லை.