எக்கோ போன வழி

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது நெருப்பா, சக்கரமா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். சலவை ஆலையின் தலைவரைக் கேட்டால், 'எக்கோ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த ஒரு வார்த்தையும் மூன்று முறை கேட்கும்.

ஆலையின் வருடாந்தர 'குறைகேட்பு விழா'வுக்குச் சவுண்டுக்காரர் காலையிலேயே வந்து மிக்ஸரை விரித்துவிட்டார். ஆறு வருடமாக அவர்தான். தலைவர் மனம் குளிர்ந்தால் ஏழாவது வருடமும் அவர்தான். ஆனால் இந்த முறை மேடைக்குக் கீழே ஊழியர்களுக்காக வைத்த 'கீழ் மைக்'கில் குறை சொல்லப்போவது அவருடைய சொந்த அக்கா. அதுதான் சிக்கல்.

அக்காவின் குறை ஒன்றே ஒன்று. அவள் வேலை செய்யும் தேய்ப்புக் கூடத்தின் பின்கதவு எப்போதும் பூட்டியே கிடந்தது. துணி களவு போகாமலிருக்க அது ஒரு 'பாதுகாப்பு ஏற்பாடு'. போன மாதம் ஒரு மெஷின் புகைந்தபோது நாற்பது பெண்கள் ஒரே முன்கதவில் முண்டியடித்துப் பாதுகாப்பாக வெளியேறினார்கள். அக்காவின் முழங்கைக் காயம் இன்னும் ஆறவில்லை.

தலைவர் ஒத்திகைக்கு வந்தார்.

"நான் பேசினா ஒவ்வொரு வார்த்தையும் மூணு தடவை வரணும்."

"வந்துரும் சார்."

"என் குரல் கீச்சுன்னு இருக்காம். வீட்டுல சொல்றாங்க. நல்லா தடிமனா வரணும்."

"ஆக்கிரலாம் சார்."

"நீ சத்தத்தைக் குறைச்சாலும் எக்கோ குறையக் கூடாது."

"அது எப்படி சார், குறைச்சா..."

"கூடாதுன்னா கூடாது!"

கூடாதென்றால் கூடாதுதான். மிக்ஸருக்குள் குரலுக்கு இரண்டு வழி. ஒன்று நேரே ஸ்பீக்கருக்குப் போகும். மற்றது எக்கோப் பெட்டிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு வரும். இந்தச் சுற்றுவழி, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தாண்டித்தான் பிரியும். ஃபேடரை இறக்கினால் எக்கோவும் அடங்கிவிடும். சவுண்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கி, அதை ஃபேடருக்கு முன்னாலேயே பிரித்துவிட்டார். இனி ஃபேடர் இறங்கினாலும் எக்கோ அது பாட்டுக்கு ஓடும். குரலைத் தடிமனாக்கும் வேலையையும் எக்கோப் பெட்டியிடமே ஒப்படைத்தார். தலைவர் கைக்கு எந்த மைக் அகப்படுமோ என்று கீழ் மைக்குக்கும் அதே ஏற்பாடு.

ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று: 'மூன்றாவது எக்கோ முடிந்ததும் தன்னிச்சையாகக் கைதட்டவும்.'

கடைசியாகத் தலைவரின் செயலாளர் வந்து காதைக் கடித்தார். "இங்க கருத்துச் சுதந்திரம் உண்டு. அது அளவு மீறினா நான் கண்ணாடியைக் கழட்டுவேன். கீழ் மைக்கை இறக்கிடுங்க."

விழா தொடங்கியது. தலைவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். எக்கோவோடு கூட்டினால் அரை நாள். பிறகு குறைகளை 'ஆழ்ந்து' கேட்பதற்காக நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். லேசாகக் குறட்டையும் வந்தது.

அக்கா கீழ் மைக்கைப் பிடித்தாள். "பின்கதவுல பதினோரு வருஷமா பூட்டு..."

செயலாளரின் கண்ணாடி கழன்றது.

சவுண்டுக்காரர் அக்கா இருந்த பக்கமே திரும்பவில்லை. ஏழாவது வருடத்தை நினைத்துக்கொண்டார். ஃபேடரை அடிவரை இறக்கினார்.

அக்காவின் குரல் அற்றுப்போனது. அவள் வாய் மட்டும் அசைந்தது. ஆனால் அவள் சொன்னது எக்கோப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, நான்கு மூலையிலிருந்தும் தடித்த குரலொன்றாய், சாட்சாத் தலைவரின் குரலாகவே, இடித்தது.

"பூட்டைத் திறங்க... திறங்க... திறங்க..."

மூன்று முடிந்தது. சுற்றறிக்கைப்படி ஹாலே கைதட்டியது.

தலைவர் விழித்துக்கொண்டார். தன் குரல், தன் எக்கோ, தன் கைதட்டல். என்ன சொன்னோம் என்று மற்றவரிடம் விசாரிப்பது பதவிக்கு அழகில்லை. மைக்கை இழுத்து, "நான்தான் சொல்லிட்டேனே, செய்ங்கய்யா!" என்றார்.

சாவியைத் தேடினார்கள். அது யாரிடம் இருக்கிறதென்று ஆலையில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பூட்டைச் சுத்தியலால் நாலு போடு போட்டு உடைத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அறிவிப்புப் பலகையில் தலைவரின் 'தொலைநோக்கு' ஒட்டப்பட்டது. 'ஒவ்வொரு குரலையும் உரிய இடத்தில் வைத்தவர்' என்று சவுண்டுக்காரருக்கு ஒரு சான்றிதழ். அடுத்த வருடமும் அவரேதான். சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கு ஓடினார். அக்கா கையில் பையோடு நின்றிருந்தாள்.

"பாத்தியாக்கா? என் மிக்ஸர் இல்லேன்னா கதவு தொறந்திருக்குமா?"

"தொறந்திருக்காது."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கே?"

அக்கா பையிலிருந்து அந்த உடைந்த பூட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கதவைத் தொறந்தது எக்கோடா. நீ என் வாயைத்தான் பூட்டினே. இந்தா, சான்றிதழுக்குப் பக்கத்துல இதையும் மாட்டிக்கோ."