அசையாதே, அலை வருகிறது!

உங்கள் சொந்த வீட்டில், சமையலறையிலிருந்து கூடத்துக்கு வர யாரிடமாவது அனுமதி கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால், லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே உலகத்தோடு ரேடியோவில் பேசும் பால்கனி வானொலிக்காரர் என்ற இனத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

இரண்டே அறை. மொட்டை மாடியில் ஆன்டெனாக் கம்பி கட்ட மற்ற குடித்தனக்காரர்கள் விடவில்லை. அசந்துவிடுவாரா மனிதர்? சைக்கிள் சக்கரம் அளவுக்குச் செம்புக் குழாயை வளைத்து, பால்கனிக் கதவோரம் துணி காயவைக்கும் ஸ்டாண்டில் ஆன்டெனாவாக நிறுத்தி, ஈரத் துணிகளைக் குளியலறைக்கு நாடு கடத்தி, மகளின் படிப்பு மேசையில் ரேடியோவை வைத்து, மகளைக் கட்டிலுக்குத் துரத்திவிட்டு, கடல் கடந்த ஒரு பல் டாக்டரிடம், "உங்க ஊர்ல மழையா?" என்று விசாரிப்பார். இங்கே மழையா என்று கேளுங்கள். தெரியாது.

சகுனம் பார்ப்பவர்களைக் கண்டால் இவருக்குச் சிரிப்பு தாங்காது. "பூனை குறுக்கே போனா காரியம் கெட்டுடுமாம்!" என்பார். அதே மூச்சில், "யாரும் குறுக்கே வராதீங்க!"

சின்ன ஆன்டெனாவின் அருகில் ஆள் நடமாடினால் அதன் சுருதி கொஞ்சம் கலையும். உண்மைதான். அந்த உண்மையின் தோளில் ஏறி இவர் சட்டமே போட்டுவிட்டார். மனைவி சமையலறை வாசலில் நின்ற ஒருநாள் டாக்டரின் குரல் கணீரென்று கேட்டதாம். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த அம்மாள் அங்கே நின்றாக வேண்டும். அவரோ ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு முறை பஸ்ஸைத் தவறவிட்டாயிற்று. மூன்றாம் முறை தாமதமானால் வேலையே போகும்.

"என்னங்க, பஸ் வந்துடும்."

"ரெண்டே நிமிஷம்மா. நீ நின்னாத்தான் கேக்குது."

பேசிய ஒவ்வொருவரையும் தேதி, நேரம், ஒலித் தெளிவோடு நோட்டில் குறித்துவைப்பது இந்த இனத்தின் வழக்கம். மகள் அந்த நோட்டைப் புரட்டினாள்.

"அப்பா, போன மாசம் அம்மா சித்தி வீட்டுக்குப் போன நாலு நாளும் டாக்டர் குரல் இதைவிட நல்லா கேட்டிருக்கே. உங்க கையெழுத்துதான்."

"அப்போ வானம் நல்லா இருந்துது."

"அப்ப அம்மா போகலாமில்ல?"

"இன்னைக்கு வானம் சரியில்லையே!"

அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆன்டெனாவை உரசிக்கொண்டே. டாக்டர் தன் ஊர் மழையைப் பற்றி அப்படியே பேசிக்கொண்டிருந்தார்.

என்ன சிரிப்பு? உங்கள் வீட்டில் ஆன்டெனா இல்லைதான். ஆனால் டிவியில் உங்கள் அணி ஜெயிக்கும்போது, "யாரும் இடம் மாறாதீங்க!" என்று மனைவியைத் தரையிலேயே உட்காரவைத்தது யார்? அடுத்த ஆட்டத்தில் அவரை எழுந்து போகச் சொல்லுங்கள். அப்புறம் என்ன நடந்ததென்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.