நீங்களா அமுக்கினீங்களா, அதுவா நின்னுச்சா?

சிங்கப்பூரில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்று ஜெயித்த ஒரே ஆள் ரெண்டு இஞ்ச் அக்காதான். ஆட்சேபணை உள்ளவர்கள் தேக்கா மார்க்கெட் மாடிக்கு வந்து அவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கலாம். கையில் கத்திரிக்கோல் இருக்கும், ஜாக்கிரதை.

அங்கே ஒரு தையல் கடையில் பிளவுஸ் தைக்கிறவர் அவர். யாருக்குத் தைத்தாலும் ரெண்டு இஞ்ச் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பார். உடம்பு போட்டால் தையலைப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். "இன்னைக்கு இருக்கிற உடம்பு நாளைக்கும் இருக்கும்னு எந்த டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்?" என்று கேட்பார். வேண்டாம் என்று யாராவது வாய் திறந்து சொன்னால் சரி என்று விட்டுவிடுவார். என்ன, அதற்கு முன்னால் ஒரு முறை முறைப்பார்.

இந்தப் புண்ணியவதி இருந்த கடைக்குத்தான் நான் ஆன்லைன் கடை போட்டுக்கொடுக்கப் போனேன். அதற்கான மென்பொருளை விற்கிற கம்பெனியில் எனக்கு வேலை. கழுத்து, கை, லைனிங், அக்கா மடித்து விடுகிற அந்த உள்துணி என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வகை வைப்போம். வாங்குகிறவர் எதையும் தொடாமல் விட்டால், நாங்கள் முன்கூட்டியே நிறுத்திவைத்த வகைதான் ஆர்டரில் போகும்.

"பளிச்னு இருக்கிறதை முன்னாடி நிறுத்துங்க ப்ரோ" என்றார் கடை முதலாளி, எல்லாருக்கும் பாஸ். கழுத்துக்கு, முதுகு முழுக்கத் திறந்து கயிறு கட்டுகிற வகையை நிறுத்தினோம். உள்துணிக்கு, 'வேண்டாம்'. படத்தில் அப்போதுதான் சிக்கென்று தெரியுமாம். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினேன்.

முதல் ஆர்டர் ஆங் மோ கியோவிலிருந்து வந்தது. மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கு ஆறு வெள்ளை பிளவுஸ். ஆறிலும் கயிறு. அக்கா போனை எடுத்தார்.

"ஏம்மா, கோயில்ல பாடன்னு எழுதியிருக்கீங்க. முதுகு தொறந்து கயிறு வச்சதுன்னும் போட்டிருக்கு. நீங்களா அமுக்கினீங்களா, அதுவா நின்னுச்சா?"

அந்தப் பக்கம் அந்த அம்மாள் அலறினார்.

"ஐயோ இயேசுவே! ஃபாதர் எங்களைத் தொலைச்சிடுவார்லா!"

அன்றே கழுத்தை வட்டக் கழுத்தாக மாற்றினேன். ஆனால் உள்துணி விஷயத்தில் பாஸ் அசையவில்லை. அக்கா விடுவாரா? வருகிற ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் போன் போட ஆரம்பித்தார். போனில் பேச அலுப்புப்பட்டுத்தானே ஜனங்கள் ஆன்லைனுக்கே வருகிறார்கள்! கிளமெண்டியில் ஒரு மாணவி, "ஆன்ட்டி, நான் லெக்சர்ல இருக்கேன், மெசேஜ் பண்ணுங்க ப்ளீஸ்" என்று கிசுகிசுத்தாள். "நீயா அமுக்கினியா, அதுவா நின்னுச்சா? அதை மட்டும் சொல்லிட்டுப் படி" என்றார் அக்கா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

தீபாவளி நெருங்கியது. ஆர்டர் குவிந்தது. பாஸ் போனைப் பிடுங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஆர்டர் ஸ்லிப்புல என்ன இருக்கோ அதைத் தைங்கக்கா. இல்லாட்டி வேற கடை பாத்துக்குங்க."

அக்கா மெஷினை நிறுத்தினார். கடையே நின்றது.

"ஸ்லிப்புல இருக்கிறது அவங்க சொன்னது இல்ல பாஸ். இந்தத் தம்பி சொன்னது" என்று என்னைக் காட்டினார். "ஒரே ஒருத்தி, தானா பாத்து, தானா யோசிச்சு, 'வேண்டாம்'னு அமுக்கியிருந்தா காட்டுங்க. இப்பவே கத்திரிக்கோலை வச்சிட்டுப் போறேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒருத்திகூடவா இருக்க மாட்டாள்? மடிக்கணினியைத் திறந்து தீபாவளி ஆர்டர்கள் அத்தனையையும் அலசினேன். உள்துணிப் பக்கம் கை வைத்தவர் ஒரே ஒருவர்தான்.

"இருக்காங்க பாஸ், ஒருத்தங்க இருக்காங்க!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா!" பாஸ் துள்ளினார்.

"யாருன்னு நல்லா பாருங்க தம்பி" என்றார் அக்கா.

பார்த்தேன். அந்த அம்மாள் 'வேண்டாம்' என்பதை 'வேணும்' என்று மாற்றியிருந்தார். முகவரிக்கு இந்தக் கடையையே கொடுத்திருந்தார். ரெண்டு இஞ்ச் அக்காவின் சொந்தப் பெயரை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே எழுத மாட்டேன், என் வாயைத் தைத்துவிடுவார்.

"அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. வேலைக்குப் போற பொம்பளைங்க எங்கே தேடுவாங்க? பாக்காம அமுக்குறவங்களுக்கு நட்டம் வராத மாதிரி நிறுத்தி வைக்கிறதுதானே உங்க வேலை?"

பாஸ் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் கண்ணெதிரிலேயே, ஒரு வார்த்தை கேட்காமல், 'வேணும்' என்பதை நிறுத்தினேன். என் வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. "தீபாவளி வரைக்கும்தான்லா" என்று முனகினார். அந்த 'வேணும்' இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆன்லைன் கடை போடும்போது கண்ணை மூடிக்கொண்டு முதலில் இருப்பதை நிறுத்துகிறவர்களை இப்போது பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருடம் என் மனைவிக்கு ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். உடம்பு ஊதிவிட்டது. என் தங்கை மகள் கல்யாணத்தன்று காலையில் மனைவிக்குப் பிடித்த பச்சை பிளவுஸ் கையிலேயே ஏறவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அது அந்தத் தீபாவளிக்கு, நான் 'வேண்டாம்' என்று நிறுத்தி வைத்திருந்தபோது, அக்கா கடையில் அவள் எதையும் தொடாமல் ஆர்டர் செய்தது. எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே திருப்பிப் பார்த்தேன். ரெண்டு இஞ்ச் மடித்திருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஸ்லிப்புல வேண்டாம்னுதானேக்கா இருந்துச்சு?"

"போனைத்தான் பூட்டிட்டாங்களே, யார்கிட்ட கேக்கறது? நானே வச்சிட்டேன். பேசிட்டே நிக்காம எடுத்துட்டு ஓடி வாங்க, முகூர்த்தம் போயிடப் போவுது."

ஓடினேன். பத்தே நிமிடத்தில் பிரித்துவிட்டுக் கொடுத்தார். மண்டபத்தில் என் மனைவி கையை நன்றாகத் தூக்கி, சிரித்துக்கொண்டே அட்சதை போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாள் நல்லா இருக்கணும்.