நாற்பத்தோரு டிக், ஒரு கரும்புத் துண்டு

தனியாக இருப்பவர்கள் தேவையில்லாத பொருளை வாங்குவார்கள். எங்கள் கம்பெனியில் ஒருத்தி மீன் தொட்டி வாங்கினாள். ஸ்டோர்ஸில் ஒருவர் வாசிக்கத் தெரியாமலே கிடார் வாங்கினார். நான் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். (எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும்.)

வீடு நிறைய ஆள் இருக்கும்போது இவளுக்கு என்ன தனிமை என்று நினைப்பீர்கள். ஆள் இருந்தார்கள்தான். வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊரில், ஒரே வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான். அப்பா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அம்மா இன்னொரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான். மூன்று பேரும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தது நான்தான். இன்ஜினியரிங் முடித்து, ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர் ஆனேன். என் சட்டைப்பையில் எப்போதும் மூன்று நிறத்தில் பேனா இருக்கும்.

வேலை கிடைத்த வாரம் அப்பா எனக்காக ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். அதுவரை எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றிலிருந்து வட்டம் தரையில், நான் நாற்காலியில். அங்கிருந்து பார்த்தால் மூன்று உச்சந்தலைகள் தெரியும். என் சம்பளத்தில் மாடியில் ஓர் அறை எழும்பியதும் சாப்பாடே மேலே வர ஆரம்பித்தது. கீழே சிரிப்புச் சத்தம் கேட்கும். இறங்கி வந்தால் நின்றுவிடும்.

"இன்னா கண்ணு, தண்ணி வேணுமா?" என்பாள் அம்மா. நாளெல்லாம் 'ஏண்டி', 'வாடி' என்று கத்தியவள், நான் டிகிரி வாங்கியதும் அந்த 'டி'யை எங்கேயோ மடித்து வைத்துவிட்டாள்.

இது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கம்பெனியிலும் இதே கதைதான். நான் கிளிப்போர்டோடு லைனில் நடந்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திடீரென்று போல்ட்டின் மேல் அன்பு கொண்டுவிடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் கம்பெனியில் எங்களை ஒரு நாள் கடற்கரையில் படகு ஓட்டக் கூட்டிப்போனார்கள். இரண்டு பேருக்கு ஒரு படகு. எல்லோரும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். மிஞ்சிய என்னைப் பயிற்சியாளரோடு ஏற்றிவிட்டார்கள். அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருக்கணும். அவங்க நகர்ந்தா நீங்க நகரணும். இல்லேன்னா கவுந்துடும்."

பைக்கில் பின்னால் உட்காருபவருக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் கிடைக்கும். கம்பெனி பஸ்ஸில் அதுவும் கிடையாது, எல்லோரும் தூங்குவார்கள். எதிரில் ஒருவர் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டிய ஒரு வாகனம் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்கூட்டருக்கென்று சேர்த்த பணம் இருந்தது. படகு வாங்கிவிட்டால் ஆள் தானாக வரும் என்று கணக்குப் போட்டேன்.

மூன்று படகு பார்த்தேன். எண்ணூரில் பார்த்த முதல் படகுக்குள் ஓர் ஆமணக்குச் செடி என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பழவேற்காட்டுப் பக்கம் பார்த்த இரண்டாவதை 'சிறு பழுது' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் பாய்மரமே இல்லை. மூன்றாவது கோவளத்தில், ஓய்வு பெற்ற ஒரு கப்பல் இன்ஜினியரின் வீட்டு மாமரத்தடியில், டிரெய்லரின் மேல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. பதினான்கு அடி ஃபைபர் படகு.

நான் கிளிப்போர்டை எடுத்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்த நாற்பத்திரண்டு பாயிண்ட் செக்லிஸ்ட். ஐந்து ரூபாய் நாணயத்தால் படகின் உடம்பு முழுக்கத் தட்டினேன். நல்ல இடம் 'டக்' என்னும், உள்ளே ஊறிப்போன இடம் 'தொப்' என்னும். பாய்மரத்துக்கு நூல் பிடித்தேன். டிரெய்லர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பேரிங் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். டார்ச்சோடு படகுக்கு அடியில் படுத்துத் தவழ்ந்தேன். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் படகுக்குப் பிரேத பரிசோதனை நடப்பதை மோர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்லிஸ்டின் முதல் கேள்வி: "ஏன் சார் விற்கிறீங்க?"

"பையன் வெளிநாடு போய்ட்டான்மா. இது ரெண்டு பேர் வண்டி. கூட வர ஆள் இல்ல."

'காரணம்: ஆள் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். அந்த டிக்கை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கடைசிப் பாயிண்டில்தான் குறை அகப்பட்டது. படகின் பின்பக்கம் அடியில் ஓர் ஓட்டை உண்டு. கரையேற்றிய பிறகு உள்ளே சேர்ந்த தண்ணீர் வடிவதற்கு. தண்ணீரில் இறக்கும் முன் அதை ஒரு திருகு மூடியால் அடைக்க வேண்டும். அந்த மூடியின் ரப்பர் வாஷரில் மயிரிழை அளவு விரிசல்! நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. (குறை கண்டுபிடிக்காத குவாலிட்டிக்காரி சம்பளம் வாங்கக் கூடாது.) மூடியைக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, 'ஹோல்ட்', அதாவது 'நிறுத்தி வை', என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, சிவப்பு டேக் கட்டினேன்.

பெரியவர் மோரைக் கீழே வைத்தார். "அதை மட்டும் கழட்டாதீங்கம்மா. மாட்ட மறந்துடுவீங்க. எல்லாரும் மறப்பாங்க. நானே ரெண்டு தடவை மறந்திருக்கேன்."

"நாங்க மறக்க மாட்டோம் சார்," என்றேன். "டேக் போட்டிருக்கோம்ல."

டிரெய்லரை இழுக்க ஊரில் ஒருவரிடமும் தோதான கொக்கி இல்லை. அண்ணன் லேத் பட்டறையில் ஓர் இரும்பை வளைத்து, பக்கத்து வீட்டு டிராக்டரில் மாட்டி, கோவளத்திலிருந்து வண்டலூர் வழியாக அரை நாள் ஊர்ந்து படகைக் கொண்டுவந்து சேர்த்தான். வழி நெடுக எல்லோரும் கேட்டார்களாம், வெள்ளம் வரப்போகுதா என்று. என்னிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. "நீ வாங்கினா சரியாத்தான் இருக்கும்," என்று மட்டும் சொன்னான். அவன் கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு: ஹோல்டில் வைத்த பொருள் லைனில் இருக்கக் கூடாது, பூட்டு போட்ட சிவப்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். என்னிடம் சிவப்புப் பெட்டி இல்லாததால் மூடியை மாடி அறை பீரோவில் வைத்துப் பூட்டினேன். புது வாஷருக்கு ஆர்டர் போட்டேன். இன்னொரு விதியும் உண்டு: ஒரு பொருளை ஹோல்டில் வைத்துவிட்டால் மீதிச் சரக்கு வெளியே போகலாம். நாற்பத்தோரு பச்சை டிக்குக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்ட விஷயத்தைத் திரும்ப நினைக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

காணும் பொங்கலன்று ஏரியில் இறக்குவதாக ஏற்பாடு. எதிர் இருக்கைக்கு எஸ்தரைச் சொல்லி வைத்திருந்தேன். என் ஷிஃப்டில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஆள், தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அன்று காலையில் போன் செய்தேன்.

"அக்கா, நான் ஊர்லல்லா இருக்கேன்! பொங்கலுக்கு வரலன்னா எங்கம்ம என்னைய உசுரோட விடுமா? அடுத்த வாரம் வாரேன்க்கா, நீங்க ஓட்டிப் பழகி வைங்க."

ஏரிக்கரையில் ஊரே புளிசோற்றோடும் கரும்போடும் உட்கார்ந்திருந்தது. ஏரி நிறைந்திருந்தது. அம்மா படகுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டிரெய்லர் சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, கற்பூரம் காட்டினாள். எதிர் வீட்டு சரசு அக்கா என் லைஃப் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்து, "இன்னா துணி இது, உள்ள தலகாணி கீதா?" என்றாள்.

"யாராவது கூட வாங்களேன்," என்றேன். சாதாரணமாகக் கேட்பது மாதிரிதான் கேட்டேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "எனுக்கு இன்னா தெரியும்? நீ படிச்சவ, நீ போ."

அப்பா விறைப்பாக நின்றார். "நான் கரையில நிக்கிறேம்மா. இங்க ஒரு ஆள் பாத்துக்கணும்ல."

அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவள் கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள்.

தனியாகவே ஏறினேன். அண்ணன் தள்ளிவிட்டான். காற்று பாயில் அடித்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து கிளம்பியது. கரையில் விசில், கைதட்டல். உண்மையைச் சொன்னால், அந்த ஐந்து நிமிடம் நான் கரையை ஒட்டியே மிக அழகாக ஓட்டினேன். எதிர் இருக்கையைப் பார்க்காமல் இருந்தால் எல்லாம் நன்றாகவே இருந்தது. பார்த்தேன். யாரும் இல்லாத அந்தப் பலகையில் வெயில் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு செலவு செய்து, ஊரைக் கூட்டி, மாடி அறையையே தண்ணீரில் கொண்டுவந்து மிதக்க விட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

அப்போதுதான் கால் நனைந்திருப்பது தெரிந்தது. அலை தெறித்திருக்கும் என்று நினைத்தேன். (எங்கள் ஏரியில் அலை கிடையாது.) கணுக்கால் வரை வந்ததும், புதுப் படகு அப்படித்தான் இருக்கும் என்றேன். அது புதுப் படகும் இல்லை. முழங்காலைத் தொட்டதும் எல்லாம் ஒரே வினாடியில் ஞாபகம் வந்தது. மூடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்: மாடியில், பீரோவில், இரண்டாவது தட்டில், கவருக்குள், சிவப்பு டேக்கோடு. பீரோ சாவி மட்டும் என் பேன்ட் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது.

"ஏய், படகு குளிக்குதுடோய்!" சரசு அக்காவின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது.

அப்பா விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். கேட்டில் லாரிக்கு ஊதுவாரே, அதே நீள விசில். அவருக்குத் தெரிந்த ஒரே அவசர நடவடிக்கை அதுதான். படகு அதற்குக் கட்டுப்படவில்லை. நான் எழுந்து நின்றேன். எதற்காக என்று கேட்காதீர்கள். முங்கும்போதும் நேராக முங்க வேண்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். நின்றதும் படகு ஆடி, இன்னும் இரண்டு குடம் தண்ணீர் உள்ளே வந்தது.

கரையிலிருந்து ஓர் உருவம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. இடுப்பளவு, மார்பளவு, அப்புறம் நேராக என் படகின் விளிம்பு. அம்மா. ஒரு கையில் கரும்பு.

"உக்காருடி!"

உட்கார்ந்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வந்த 'டி'.

"எங்கடி ஓட்டை?"

"பின்னாடி, அடியில. மூடி... பீரோவுல இருக்கும்மா."

"பீரோவுலயா?"

"டேக் போட்டு வச்சிருக்கேன்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் படிப்பு, பட்டம், மூன்று கலர் பேனா எல்லாம் அந்தப் பார்வையில் மூழ்கின. பிறகு கரும்பைப் பல்லால் சுற்றிச் சுற்றிச் சீவி, ஒரு முனையைக் கூராக்கினாள். குனிந்து கையால் துழாவி, அதை ஓட்டைக்குள் சொருகி, உள்ளங்கையால் நாலு குத்துக் குத்தினாள். அளவு அவ்வளவு சரியாகப் பொருந்தியது. நான் வெர்னியர் வைத்து அளந்திருந்தாலும் அப்படி வந்திருக்காது.

அப்புறம் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, மூச்சு வாங்க உள்ளே ஏறி, எதிர்ப் பலகையில் சொட்டச் சொட்ட உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கம் நவுராதடி, சாயுது. என்னையே பாரு," என்றாள்.

இரண்டு பேரும் கையால் தண்ணீரை வாரி இறைத்தோம். திடீரென்று அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். "டேக் போட்டுக் கீறாளாம்... பீரோவுல..." கீழ் வீட்டில் நான் இறங்கி வந்ததும் நின்றுபோகுமே, அந்தச் சிரிப்பு. இந்தத் தடவை நிற்கவில்லை. அண்ணன் கயிற்றோடு நடந்து வந்து எங்களை இழுத்துக்கொண்டு போகும் வரை அவள் சிரித்தாள். அப்பா இன்னும் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கீழே சாப்பிட உட்கார்ந்தபோது நாற்காலியை யாரும் இழுத்துப் போடவில்லை. அதன் மேல் படகின் ஈரப் பாய் காய்ந்துகொண்டிருந்தது. தரையில் இடம் விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து புது வாஷர் வந்தது. மூடி இப்போது சங்கிலியோடு படகிலேயே தொங்குகிறது. எஸ்தர் இன்னும் 'அடுத்த வாரம்' என்கிறாள். அம்மாவுக்குக் கேன்டீனில் ஓவர்டைம் இல்லாத ஞாயிறுகளில் அவள் எதிரில் உட்காருவாள். ஓ.டி. உள்ள ஞாயிறுகளில், அதுதான் அதிகம், எதிரில் ஒரு மணல் மூட்டை. அண்ணன் அதற்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர் வைத்திருக்கிறான், வாயைத் திறக்காமல் உட்கார்ந்தே இருப்பதால். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அப்பா தினமும் கேட்கிறார்: "கரும்பு எடுத்துக்கினியா?" கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்கிறார்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "கம்பெனியில பொண்ணுக்கு இன்னா வேலை?" என்று கேட்டார்.

"ஓட்டை கண்டுபிடிக்கிற வேலைங்க," என்றாள் அம்மா, முகம் மாறாமல். அண்ணன் சமையலறைக்குள் ஓடினான்.

வந்தவர்கள் எல்லோரும் தரையில் விரித்த கோரைப் பாயில் உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளை இன்ஜினியராம், அவர் வீட்டிலும் முதலில் படித்தது அவர்தானாம். அப்பா மாடிக்கு ஓடிப்போய் நீல நாற்காலியைத் துடைத்து எடுத்து வந்து அவருக்குப் போட்டார். நான் அம்மாவை இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் எல்லோருடைய உச்சந்தலைகளையும் பார்த்தபடி, முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் மட்டும் அந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.