முத்துராணி இல்லை

ஆய்வேட்டில் ஆராய்ச்சி இருந்தால் மட்டும் போதாது, அது பார்வைக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. தண்பொருநைப் பல்கலைக்கழகம் இந்த உண்மையை இரண்டு வருடத்துக்கு முன் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு, ‘இனி ஆய்வேடுகள் அனைத்தும் லேடெக்ஸில் மட்டுமே சமர்ப்பிக்கப்படல் வேண்டும்’ என்று சுற்றறிக்கை விட்டது. லேடெக்ஸ் என்பது கணினியில் பக்கம் கோர்க்கும் மென்பொருள். இதைக் கொள்முதல் பிரிவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த லேடெக்ஸ் ரப்பர் பால்தான். அவர்கள் நாகர்கோவில் பக்கம் போய் முந்நூறு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிவிட்டார்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க விதி கிடையாது. ஆகவே, ஆய்வேட்டைத் தொடும் அலுவலர்கள் கையுறை அணிந்தே தொட வேண்டும் என்று இரண்டாவது சுற்றறிக்கை வந்தது.

பாளையங்கோட்டையில் அந்த மென்பொருளில் ஆய்வேடு கோர்த்துக் கொடுக்கும் கடை என்னுடையது. என் பெயர் ஜெனோ. ஆராய்ச்சி மாணவர்கள் அந்தச் சுற்றறிக்கையைத் திட்டித் தீர்ப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். ராத்திரி ஜெபத்தில் மட்டும் அதை எழுதியவருக்கு நீண்ட ஆயுசு கேட்பேன். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே.

முத்துராணி என் கடைக்கு வந்தது ஏப்ரல் மாதம். களக்காட்டுக்காரப் பெண். வாழையில் வரும் வாடல் நோயைப் பற்றி ஆறு வருடம் ஆராய்ந்திருந்தாள். நோயை நிறுத்த ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தாள். டவுணில் ஒரு கல்லூரி அவளுக்கு உதவிப் பேராசிரியர் வேலை கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, ஜூன் முப்பதுக்குள் பட்டம் முடிந்ததற்கான கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

“ரெண்டு மாசம் இருக்குல்லா அண்ணாச்சி, முடிஞ்சிரும்,” என்றாள். நான் அவள் மனசை நோகடிக்க விரும்பாமல் வேலையை ஆரம்பித்தேன்.

ஆய்வேட்டைக் கோர்த்து, இரண்டு பேருமாக வடிவமைப்புச் சரிபார்ப்புப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். பிரிவு அலுவலர் நெல்லையப்பன் இரண்டு கையிலும் கையுறையை மாட்டிக்கொண்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. அந்தத் தவறை அவர் பணியில் ஒரு நாளும் செய்ததில்லை. நேராகக் கடைசிப் பக்கங்களில் இருந்த மேற்கோள் பட்டியலுக்குப் போனார்.

“சொந்தமா ரெண்டு கட்டுரை வெளியிட்டிருக்கணும்னு விதி இருக்கே. உங்க கட்டுரை எங்கம்மா?”

“ஏழாவதும் எட்டாவதும் சார்.”

“அங்கன ‘பிச்சைக்கண்ணு, மு.’ன்னுல்லா போட்டிருக்கு. யாரு இந்தப் பிச்சைக்கண்ணு?”

“எங்க அப்பா சார்.”

“அப்பா எழுதுன கட்டுரையை நீங்க எப்படிக் காட்டுதீக?”

“அவரு எழுதல சார். அவரு வாழை வச்சிருக்காரு. அந்த மு.தான் நான்.”

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்கு அது ஆகாது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். முத்துராணி வேறு வழியில்லாமல் அப்பா பெயரைக் கொடுத்தாள். அவர்கள் அப்பாவை முழுதாக முன்னால் நிறுத்தி, மகளை ஓர் எழுத்தாக்கிப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

“நீங்க மு. இல்லம்மா,” என்றார் நெல்லையப்பன், கணினியைப் பார்த்துக்கொண்டே. “எங்க பதிவுல நீங்க ‘இல்லை’.”

“நான் இல்லையா?”

“பதியும்போது படிவத்துல குடும்பப் பெயர்னு ஒரு கட்டம் இருந்துச்சா? அதுல என்ன எழுதுனீக?”

“இல்லைன்னு எழுதுனேன்.”

“அதான். பெயர் முத்துராணி, குடும்பப் பெயர் இல்லை. முழுப் பெயர் முத்துராணி இல்லை. அட்டையிலயும் அப்படித்தான் வரணும். தம்பி பி.ன்னு போட்டிருக்காரு, அது தப்பு.”

ஆறு வருடமும் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை வாசித்தவர்கள் ஆள் வரவில்லை என்றே எடுத்துக்கொண்டார்கள் என்பதை முத்துராணி அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

“பேரை மாத்திக் கொடுங்க சார்.”

“மாத்தலாம். ஆனா பேரு மாறுனா ஆளு மாறிட்டாருன்னு அர்த்தம். புது ஆளு புதுசாப் பதியணும். ஆறு வருசம் மறுபடி முதல்ல இருந்து. செய்யவா?”

அவள் வேண்டாம் என்றாள். நெல்லையப்பன் கெட்ட மனிதர் அல்ல. அவரே ஒரு வழியும் சொன்னார். பிச்சைக்கண்ணு என்பவர் தமது கட்டுரைகள் இரண்டையும் இல்லை என்பவர் பயன்படுத்திக்கொள்ளத் தடையில்லை என்று எழுதித் தந்தால் போதும். தந்தார். கையெழுத்துக்குக் கீழே முகவரியும், ‘வாழையில் நாற்பது வருட அனுபவம்’ என்பதும் அவர் கைப்படவே இருந்தது. அது கோப்பில் ஏறியது. நான் அட்டையில் பெரிய எழுத்தில் ‘ஆய்வாளர்: முத்துராணி இல்லை’ என்று கோர்த்துக் கொடுத்தேன். நிறுத்தற்குறி, இடைவெளி, பக்க எண் என்று இன்னும் பதினோரு தடவை திரும்பி வந்தது. பதினோரு தடவையும் கூலி வாங்கினேன்.

ஜூன் பிறந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளித்தேர்வாளர் வேண்டும். முன்பெல்லாம் பேராசிரியர்கள் தங்களுக்கு வேண்டியவர்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள் என்று புகார் இருந்தது. அதனால் இப்போது ஆள் தலையிடாமல் கணினியே தேர்ந்தெடுக்கும். ஆய்வேட்டில் யார் பெயர் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறதோ அவர்தான் அத்துறையின் தலைசிறந்த நிபுணர். முத்துராணி தன் இரண்டு கட்டுரைகளையும் பதினான்கு இடத்தில் காட்டியிருந்தாள். கணினி ‘பிச்சைக்கண்ணு, மு.’ என்றது. முகவரி ஏற்கெனவே கோப்பில் இருந்தது.

அவள் பதறிக்கொண்டு நெல்லையப்பன் முன்னால் போய் நின்றாள். நானும் கூட நின்றேன்.

“சார், அவரு எங்க அப்பா. அப்பா எப்படி மகளுக்குத் தேர்வாளரா வருவாரு?”

“உறவுக்காரர் வரக்கூடாதுதான். அதையும் கணினி பாத்துட்டும்மா. அவரு குடும்பப் பெயர் பிச்சைக்கண்ணு. உங்க குடும்பப் பெயர் இல்லை. ஒத்து வரல. உறவு கிடையாது.”

“நான் அவரு பெத்த பிள்ளை சார்.”

“அப்படின்னு நீங்க எழுதிக் குடுங்க. எடுத்துக்கிடுதேன். வேற ஆள் போட மூணு மாசம் ஆகும், பரவால்லையா?”

ஜூன் முப்பது அவள் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும். வெளியே வந்தாள். படியிறங்கும்போது, “ஒரு விதத்துல நல்லதுதான் அண்ணாச்சி. போன வருசம் எங்க தோட்டத்துல எண்ணூறு ரசகதலி வாழை வாடிப் போச்சு. இந்த ஆராய்ச்சியில என்ன இருக்குன்னு கேக்க ஆசைப்படுத ஒரே ஆளு அப்பாதான்,” என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் தெளிச்சி இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இருபத்தாறாம் தேதி களக்காட்டுக்குக் கார் போயிற்று. பிச்சைக்கண்ணு வெள்ளை வேட்டி சட்டையோடு வந்து இறங்கினார். வாசலில் அறிவிப்புப் பலகையில் ‘டாக்டர் பிச்சைக்கண்ணு, வாழை நிபுணர்’ என்று எழுதியிருந்தார்கள். அதன் முன்னால் சற்று நேரம் நின்றார். பொன்னாடை போர்த்தினார்கள். நான் திரையில் படம் காட்டுவதற்காக அங்கே இருந்தேன்.

“ஜெனோ தம்பி, நான் டாக்டர் இல்லன்னு சொல்லிருவமா?” என்று என் காதில் கேட்டார்.

“பேசாம இருங்க அண்ணாச்சி. மகளுக்கு வேலை போயிரும்.”

தலையாட்டினார். அப்புறம் நெல்லையப்பன் வந்து அவரைத் தனியறைக்குக் கூட்டிப்போய் வடையும் காப்பியும் கொடுத்து, தேர்வாளர் கடமைகளை விளக்கினார். வாசல் பக்கம் நின்றதால் எனக்கும் கேட்டது.

“ஐயா ஒண்ணை மட்டும் மனசுல வச்சிக்கிடணும். திருத்தமே சொல்லாத நிபுணரை அடுத்த தடவை யாரும் கூப்பிடமாட்டாவ.”

“அடுத்த தடவையும் உண்டுமா?” என்றார் பிச்சைக்கண்ணு.

“வாழைன்னா இனிமே ஐயாதானே.”

தேர்வு தொடங்கியது. முத்துராணி படம் காட்டிப் பேசி முடித்தாள். முதல் பேராசிரியர் அட்டவணைத் தலைப்பு மேலே வர வேண்டுமா கீழே வர வேண்டுமா என்று கேட்டார். இரண்டாமவர், மேலே என்று அவள் சொன்னதை மெச்சினார். நோயைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் வெளித்தேர்வாளரைப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

பிச்சைக்கண்ணு கையுறை மாட்டிய விரலால் ஆய்வேட்டைப் பைய புரட்டினார். நடுப்பக்கங்களில் நிற்காமல் நேராகக் கடைசிக்குப் போனார். மேற்கோள் பட்டியலில் ஏழாவதையும் எட்டாவதையும் தடவிப் பார்த்தார்.

“ஆய்வு நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா என் கட்டுரையைப் பதினாலு இடத்துலதான் காட்டியிருக்காவ. இன்னும் ஒரு பத்து இடத்துல காட்டியிருக்கணும்.”

அறையில் மரியாதையான ஒரு முணுமுணுப்பு எழுந்தது. வந்திருப்பவர் உண்மையான அறிஞர்தான் என்பதில் இரண்டு பேராசிரியர்களுக்கும் அதற்குப் பிறகு சந்தேகமே இருக்கவில்லை. நெல்லையப்பன் ‘திருத்தத்துக்குப் பின் மறுசமர்ப்பிப்பு, நாற்பது வேலை நாள்’ என்று எழுதிக்கொண்டார். பத்து இடத்தில் பெயர் சேர்க்கும் வேலை என் கடைக்குத்தான் வரும் என்று எனக்கும் ஓர் எண்ணம் ஓடியது. வெட்கமாக இருந்தாலும் ஓடியது.

முத்துராணி ஓரடி முன்னால் வந்தாள். “அப்பா, நம்ம ரசகதலி எண்ணூறு வாடிச்சே. அதுக்கு என்ன செய்யணும்னு எண்பத்து நாலாம் பக்கத்துல எழுதியிருக்கேன். அதை ஒரு வார்த்தை கேளுங்கப்பா.”

பிச்சைக்கண்ணு பொன்னாடையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

“அது தோட்டத்துப் பேச்சும்மா,” என்றார். “வீட்ல வச்சிப் பேசிக்கிடுவோம். இங்கன ஆராய்ச்சியைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்.”