வள்ளியை விற்ற கதை

நல்ல பரோட்டாக் கடையைச் சொல்கிறவனை ஊர் கொண்டாடும். நல்ல சினிமாவைச் சொல்கிறவனையும் பொறுத்துக்கொள்ளும். நல்ல கதையுள்ள வீடியோ கேமைச் சிபாரிசு செய்கிறவன் வந்தால் மட்டும், அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போகும். தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேரை நான் காதும் போனுமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

என்ன செய்ய, எனக்கு அது ஒரு வியாதி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு கிளியரிங் கம்பெனி ஒன்றில் வேலை. கண்டெய்னர் வரத் தாமதம் என்றால் போதும், அருகில் நிற்கிற லாரி டிரைவரைப் பிடித்துக்கொள்வேன். "அண்ணாச்சி, ஒரு கேம் இருக்கு. லைட் ஹவுஸ்ல வேல பாக்குற ஆளுக்கு அன்னைக்குத்தான் கடைசி நாளு. வெளக்க ஏத்தணுமா, வேண்டாமாங்கிறதுதான் கதை. அழுதுருவீங்க" என்பேன். "டீசல் வெலைய நெனச்சு ஏற்கெனவே அழுதுகிட்டுத்தாம்ல இருக்கேன்" என்பார் அவர். ஒரு முறை மேனேஜரிடம் ஒரு கேமின் கடைசிக் காட்சியைச் சொல்லும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது. பாதியிலிருந்து கேட்ட மனிதர், வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து அரை நாள் லீவு கொடுத்துவிட்டார். (வாங்கிக்கொண்டேன்.)

இந்த வியாதியோடு கல்யாணப் பேச்சு வரைக்கும் நான் வந்ததே பெரிது. சாத்தான்குளத்தில் பெண் பார்த்தோம். பெயர் வள்ளி. அவள் அப்பா அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, எனக்கு மட்டும் மாமா. பார்த்த அன்றே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தனக்கும் பிடித்திருக்கிறது என்று அவளே போனில் சொன்னாள். (நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.) பாக்கி இருந்தது ஒன்றுதான். பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். வந்து, பிடித்துப் போனால் நிச்சயதார்த்தம்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் வள்ளி போன் செய்தாள். "அப்பா முன்னால கேம்ங்கிற வார்த்தையே வாயில வரப்பிடாது, கேட்டீங்களா? பக்கத்துக் கடைக்காரர் மவன் போன்ல ரம்மி ஆடியே கடைய அழிச்சிட்டான். அப்பாவுக்கு கேம்னாலே அதுதான் ஞாபகம் வரும்."

"என்னோடது சூதாட்டம் இல்ல வள்ளி. கதை."

"அதையும் சொல்லாதீங்க."

இதையே அம்மா இன்னும் சுருக்கமாகச் சொன்னாள். "ஏலே, வாயத் தொறந்த, வெளக்கமாறு பிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கூடவே அவருடைய அக்கா, வள்ளியின் அத்தை, கையில் ஒரு கருப்பட்டி ஓலைக்கொட்டானோடு. மாமா வாசலிலேயே, "என்ன மாப்ள, நல்லாருக்கீகளா?" என்றார். எனக்கு உள்ளே மழை பெய்த மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் வாயில் 'தம்பி' எப்போது 'மாப்ள' ஆகிறதோ, அப்போதே பாதிக் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். மீதிப் பாதிக்குத்தான் மண்டபம், சமையல்காரர் எல்லாம்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். அம்மா மக்ரூன் எடுத்து வைத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மாமா சாய்ந்து உட்கார்ந்து, "மாப்ளைக்கு கதைன்னா உசுராமே, தரகர் சொன்னாரு. எனக்கும் அப்படித்தான். கோயில் கொடையில வில்லுப்பாட்டுன்னா எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன். இப்பம்லாம் எவன் கதை சொல்லுதான்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒரு புத்திசாலி என்ன பதில் சொல்லியிருப்பான்? "ஆமா மாமா" என்று சொல்லி மக்ரூனைக் கடித்திருப்பான். நான் என்ன செய்தேன்? "சொல்லுதாங்க மாமா! இங்கன பாருங்க" என்று எழுந்துபோய் டி.வி.யைப் போட்டேன். அடுப்படி வாசலில் அம்மா கண்ணாலேயே ஒரு விளக்குமாற்றைக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"இது என்ன மிஷினு?"

"கதை மிஷினு மாமா." (கேம் என்று சொல்லவில்லை பாருங்கள். அவ்வளவு உஷார்!)

கதை இதுதான். ஓர் ஊரில் ஆறு வற்றிவிட்டது. ஏன் வற்றியது என்று கண்டுபிடிக்க ஓர் இளைஞன் குதிரையோடு மலைக்குப் போகிறான். இதைக் கேட்டதும் மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? மேல எவனோ அடைச்சிருப்பான்" என்றார். ஆற்றுத் தண்ணீருக்கு ஏங்குகிற ஊர்க்காரர். கதை ஒரே இழுப்பில் அவரை உள்ளே இழுத்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் போனைத் தேடாமல் என் சிபாரிசைக் கேட்கிறார்!

கையும் கன்ட்ரோலரும் ஒன்றாகிவிட்டால் எனக்கு மூளை வேலை செய்யாது. பழக்கதோஷத்தில், எதிரே இருந்த ஒரு வீட்டுக்குள் நாயகனை ஓட்டினேன். உள்ளே ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு வீடு?" என்றார் மாமா.

"இந்தக் கிழவி வீடு மாமா."

"தெரிஞ்சவங்களா?"

"இல்ல."

"பொறவு எதுக்கு உள்ள போறான்?"

"அந்தப் பெட்டியில எதாவது இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்து வெள்ளிக் குடம் ஒன்றை எடுத்துவிட்டேன். கிழவி, "மழை வருமா?" என்றாள். அவள் எப்போதும் அதை மட்டும்தான் சொல்வாள்.

"கேட்டுட்டா எடுத்தான்?"

"கேக்க மாட்டாங்க மாமா. இங்கன அதான் வழக்கம்."

அத்தை தன் மணிபர்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு டி.வி.யை அணைத்திருக்கலாம். கடைத்தெருவைக் காட்டினால் மாமா குளிர்ந்துவிடுவார் என்று நினைத்துவிட்டேன். கடையைக் கண்டதும் அவர் முகம் மலரத்தான் செய்தது. "கட நல்லா இருக்கே. தராசு பாரேன், என்ன பளபளப்பு" என்றார். நான் கல்லாவில் குடத்தை வைத்து விற்றேன்.

"கிழவிகிட்ட எடுத்த கொடமா?"

"ஆமா மாமா."

"இந்தக் கடைக்காரன் அவளுக்கு யாரு?"

பொய் சொல்லியிருக்கலாம். கதையின் ஆழத்தைக் காட்டுகிற ஆசையில், "அவ மவன்தான் மாமா" என்றேன்.

"ஏ அக்கா!" மாமா குரல் தெருவுக்கே கேட்டது. "ஆத்தா வீட்டுல களவாண்டத மவன்கிட்டயே விக்காம்லா!"

பதறிப் போனேன். எப்படியாவது வெளியே வந்துவிட வேண்டும் என்று கைக்கு வந்த பித்தான்களை அமுக்கினேன். கடையில் விற்கக்கூடிய சாமான்களில், குடத்துக்கு அடுத்தபடி இருந்தது வாசலில் கட்டிப் போட்ட என் குதிரை. விற்கவா என்று கேட்டு, திரை முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்துகள் எழும்பின. கம்பெனி பில்லைப் படிக்கிற மாதிரி மாமா ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தார்.

"செல்... வள்ளி? எஸ்... நோ..."

மடியில் இருந்த மணிபர்ஸ் கீழே விழுந்தது.

"நம்ம வள்ளியா?" என்றார் அத்தை.

"இல்ல அத்த, இது குதிர" என்றேன். என் வாயிலிருந்து வந்ததிலேயே மோசமான வாக்கியம் அதுதான்.

"எம் மருமவளக் குதிரைங்கானே!" என்று அத்தை எழுந்துவிட்டார். 'நோ'வை அமுக்கத்தான் போனேன், சத்தியமாக. வியர்த்த கட்டைவிரல் வழுக்கி 'எஸ்'ஸில் விழுந்தது. காசு குலுங்குகிற சத்தம் கேட்டது. கடைக்காரன் பல்லைக் காட்டினான். வள்ளியை எவனோ கயிற்றைப் பிடித்துக் கொல்லைப்புறம் நடத்திக்கொண்டு போனான்.

மாமா மெதுவாக என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் பிறவி வியாபாரி. முதலில் அதைத்தான் கேட்டார்.

"என்ன வெலைக்குப் போச்சு?"

"கொறைச்சலாத்தான் மாமா... அவசரத்துல..."

"பேரங்கூடப் பேசலயா, தம்பி?"

தம்பி! அடுப்படியில் அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். காபி யாருக்கும் தேவைப்படவில்லை. அத்தை, கொண்டுவந்த கருப்பட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு படியிறங்கினார். விளக்குமாறு என்ன ஆனது என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

சாயங்காலம் வள்ளி கூப்பிட்டாள். நான் எடுத்ததும், "குதிரைக்கு எதுக்கு எம் பேர வச்சீங்க?" என்றாள்.

"அந்தக் கதையில ஒவ்வொருத்தரா விட்டுட்டுப் போயிருவாங்க வள்ளி. கடைசி வரைக்கும் கூட வாரது குதிர மட்டுந்தான். அதான்..."

சொல்லும்போதே, கல்யாணம் நின்றுவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன்.

"அப்படின்னா எதுக்கு வித்தீங்க?" என்றாள். குரலில் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "கை வழுக்கிருச்சு" என்றேன். "அப்பா கோவமா இருக்காங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் நான் எந்த லாரி டிரைவருக்கும் எதையும் சிபாரிசு செய்யவில்லை. அவர்களே வந்து, "ஒடம்புக்கு என்னலே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் மாமாவின் நம்பர் போனில் வந்தது. எழுந்து நின்று எடுத்தேன்.

"தம்பி, கடையில கணக்கு பாக்க முடியல. அந்த ஆறு என்ன ஆச்சு?"

"மாமா?"

"மேல எவன் அடைச்சான்? ஒறக்கம் வர மாட்டேங்கு. அந்த மிஷினத் தூக்கிட்டு இங்கன வாங்க."

நிச்சயம் ஆகாமல் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது என்று அம்மா தடுத்தாள். அதை மாமாவிடம் சொன்னேன். "மாப்ளையா யாரு கூப்புட்டா? தம்பியா வாங்க" என்றார் மாமா.

மிஷினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாத்தான்குளத்தில் கடைக்குப் பின்கட்டில் டி.வி. தயாராக இருந்தது. மாமா உட்கார்ந்ததுமே சட்டம் போட்டுவிட்டார். "களவு கெடையாது. மொதல்ல கொடத்த மீட்டு ஆச்சிகிட்ட குடுக்கணும். எம் மவ பேருள்ள சீவன் எவன் கொல்லையிலயும் நிக்கப்பிடாது. அதையும் மீட்டாத்தான் மலைக்குப் போறோம்."

விற்ற விலையைவிட வாங்குகிற விலை கூட. "அப்படி வச்சாத்தான் அது கட" என்று மாமா கடைக்காரனை மெச்சிக்கொண்டார். அதனால் வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் போக, உலகத்தைக் காக்கப் பிறந்த என் நாயகன் காசுக்கு விறகு வெட்டினான். "வெட்டு, வெட்டு, பராக்குப் பாக்காத" என்று மாமா பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கினார். வள்ளி காபி கொண்டுவந்து வைக்கும்போது என்னைப் பார்க்கமாட்டாள்; திரையைப் பார்த்துவிட்டு, "இன்னும் நான் வரலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள்.

குடத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தோம். அந்தக் கேமில் அதற்கு ஒரு பரிசும் கிடையாது. கிழவி வழக்கம்போல, "மழை வருமா?" என்றாள். மாமா, "வரும் ஆச்சி" என்றார். நான் அந்தக் கேமை எத்தனையோ பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். ஒரு நாளும் அந்தக் கிழவிக்குப் பதில் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

குதிரையையும் மீட்டோம். மலைக்குப் போனோம். மேலூர்க்காரர்கள் பாறையை உருட்டி ஆற்றை அடைத்து வைத்திருந்தார்கள். பாறையைத் தள்ளியதும் தண்ணீர் பாய்ந்து இறங்கியது. மாமா நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "நான் அன்னைக்கே சொன்னேம்லா! எவனோ அடைச்சிருக்கான்னு சொன்னேன்லா, மாப்ள!"

வள்ளி நின்ற அடுப்படியில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. (ஆறு வந்ததற்காக அழுகிறேன் என்று மாமா நினைத்தார். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.) அங்கே உட்கார்ந்திருந்த அத்தை கருப்பட்டிக் கொட்டானைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. என் வியாதி இப்போது மாமாவுக்குத் தொற்றிவிட்டது. துவரம் பருப்பு வாங்க வருகிறவர்களை நிறுத்தி, "ஒரு கதை இருக்கு, அழுதுருவீங்க" என்று ஆரம்பிக்கிறாராம். சாத்தான்குளத்திலும் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

போன மாதம் திருச்செந்தூருக்குப் போயிருந்தோம். சன்னதித் தெருவில் ஒரு குத்துவிளக்கை ஆசைப்பட்டுக் கையில் எடுத்துவிட்டேன். பர்ஸைத் திறந்தால் பணம் போதாது. மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தேன். வள்ளி போய், கடை வாசலில் தூணை ஒட்டி நின்றுகொண்டாள்.

"ஏன் அங்கன போய் நிக்க?" என்றேன்.

"என்னைய என்ன வெலைக்கு எடுப்பாங்கன்னு கேளுங்க" என்றாள். "இந்தத் தடவையாவது பேரம் பேசுங்க."