கர்ப்பமில்லாத கட்சிக்காரர்

ஒரு ரகசியத்தைக் காப்பாற்றத்தான் நான் வக்கீல் தேடிப் போனேன். இன்றைக்கு அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் அந்த ரகசியம் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் அப்போது பிறந்திருக்க மாட்டார்.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மகள் கவிதாவுக்கு நரிக்குடியில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நேரம். காலையில் எழுந்தால் குமட்டல், தலைசுற்றல். கல்யாண வேலை அலைச்சல் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். ஜன்னல் ஓரப் பலகையில் ஏற்கெனவே நாலைந்து டப்பாக்கள் இருந்தன. நானும் என்னுடையதை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

டாக்டர் சின்னப் பையன். தலை நிமிராமலே சொன்னார்.

"நல்ல செய்திதாம்மா. மாசமா இருக்கீங்க."

"யாரு?" என்றேன்.

"நீங்கதான்."

என் வீட்டுக்காரருக்கு உரக்கடை. ஒரு நிமிடம் வெளிறிப் போய் நின்றார். கிளினிக் படி இறங்கும்போது பார்க்கிறேன், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார்! பஸ் ஸ்டாண்டு அருகே நின்று எனக்கு மல்லிகைப்பூ வேறு வாங்கினார். (கடைசியாக எனக்குப் பூ வாங்கியது கவிதா பிறந்தபோது.)

"மக கல்யாணத்த வச்சுக்கிட்டு உங்களுக்குப் பூ கேக்குதாக்கும்?"

"நான் என்ன செஞ்சேன்? டாக்டரே சொல்லிட்டாரு."

யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை அட்டையைக் கவிதா பார்த்துவிட்டாள். பேரை செல்போனில் தட்டிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கல்யாணத்துல நீ மசக்கையோட நிக்கப் போறியாம்மா? மாமியா வீட்ல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்?"

மறுநாள் அவளே என்னை மதுரைக்கு இழுத்துப்போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "கர்ப்பமெல்லாம் இல்லம்மா. பித்தப்பையில கல்லு இருக்கு. அங்க டப்பா மாறியிருக்கும்" என்றார். பித்தப்பையில் கல் என்றதும் தாயும் மகளும் கட்டிப்பிடித்துச் சிரித்ததை அந்த ஆஸ்பத்திரி அதற்கு முன் பார்த்திருக்காது. செய்தி கேட்ட வீட்டுக்காரர் மட்டும் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கிளினிக்குக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், "அப்ப இன்னொருக்கா வாங்கக்கா, புதுசா டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்" என்றாள். ஏதோ சேலை மாற்றிக் கொடுப்பது மாதிரி! எனக்குள் இன்னொரு பயமும் இருந்தது. அந்தக் கிளினிக்கில் வேலை பார்க்கும் யார் மூலமாவது விஷயம் நரிக்குடிக்குப் போய்விட்டால்? கல்யாணம் என்னாவது? தவறு தங்களுடையதுதான் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு வக்கீல் வேண்டும், அதுவும் யாருக்கும் தெரியாமல். (என் புத்திசாலித்தனத்தின் அளவு இதற்குள் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும்.)

முதலில் பார்த்த வக்கீல் டாக்டர் பெயரைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அவரு தங்கமான மனுசராச்சேம்மா. எனக்குச் சுகர் மாத்திரை எழுதுறதே அவருதான்." இரண்டாவது வக்கீல் விபத்து வழக்கு மட்டுமே எடுப்பவர். "வண்டி கிண்டி ஏதாச்சும் மோதுச்சா?" என்று ஆசையாகக் கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மூன்றாமவர் நிலத் தகராறுக்குப் பேர் போனவர். வரப்பு, வண்டிப்பாதை, கிணற்றுப் பங்கு என்று நாள் பூராவும் கூட்டம். எங்கள் பக்கத்து வக்கீல் ஆபீஸ்களில் தனி அறை கிடையாது. வக்கீல் மேசைக்கு எதிரே நீள பெஞ்சு; அதில் காத்திருப்பவர்கள் அடுத்தவர் வழக்கைக் கேட்டு, தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். தங்கள் முறை வரும்வரை பொழுது போக வேண்டாமா?

நான் மேசை மேல் கவிழ்ந்து கிசுகிசுத்தேன். வக்கீல் அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டார். நல்ல மனிதர் என்று நான் நினைத்து முடிக்கவில்லை, மூலையில் டைப் அடிக்கும் பெண்ணைப் பார்த்துக் கோர்ட்டில் முழங்குவது போல ஆரம்பித்தார்.

"அடிம்மா. எனது கட்சிக்காரர் கர்ப்பமாக இல்லாத நிலையில், தாங்கள் அன்னாரைக் கர்ப்பிணி என்று அறிவித்து..."

பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது. கிணற்றுப் பங்குக்காக வந்திருந்த மல்லாங்கிணற்றுப் பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏங்க வக்கீலய்யா, இல்லைங்கிறத எப்படி நிரூபிப்பீக?"

"ஸ்கேன் இருக்கு பெரியவரே."

"எதுக்குச் செலவு? பத்து மாசம் வாய்தா வாங்குங்க. தன்னால தெரிஞ்சிட்டுப் போகுது."

பெஞ்சு ஆமோதித்தது. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வக்கீல், கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேப்போம். உங்களுக்கு ரொம்ப உளைச்சலோ?"

"எனக்கா?" வீட்டுக்காரர் யோசித்தார். "எனக்கு ஒன்னும் இல்லைங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த பெஞ்சு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பெஞ்சில் இருந்தவர்கள் சாயங்காலம் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். 'இல்லாத' என்ற சொல் மட்டும் நடுவழியில் எங்கேயோ இறங்கிவிட்டது. மிச்சம் நரிக்குடி போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் வாசலில் சம்பந்தியம்மா நிற்கிறார், கையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி, பை நிறைய மாங்காய்.

"ஏன் மதினி, எங்கிட்ட மறைக்கலாமா? கல்யாணத்தத் தள்ளி வச்சுக்கிருவோம். மொதல்ல உங்க பிரசவம் நல்லபடியா முடியட்டும்."

கவிதா அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்கேன் காகிதத்தை நீட்டி, அழுகையும் மூக்குமாக எல்லாவற்றையும் கொட்டினேன். சம்பந்தியம்மா முழுசாகக் கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அடியாத்தி, எம் மகன்கிட்ட மச்சினன் பிறக்கப் போறான்னு சொல்லிட்டு வந்துட்டேனே!"

கல்யாணம் குறித்த தேதியில்தான் நடந்தது. ஊறுகாயை நாங்களே தின்றோம்.

ஆனால் கல்யாணத்துக்கு முன்பே இன்னொரு ஆள் வந்தாள். அந்த வாரக் கடைசியில் தன் மாமியாரோடு வந்து நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் பாத்திமா, ஊர் மல்லாங்கிணறு. புருஷன் துபாயில். லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான்.

"அக்கா, கிணத்துக் கேசுத் தாத்தா எங்க தெருதான். அவரு சொல்லித்தான் தெரியும். அன்னைக்கு உங்களுக்கு முன்னாடி டப்பா வச்சது நான்தான்."

"உனக்கு என்ன சொன்னாக?"

"ஒன்னும் இல்லை, அல்சருன்னாக. மாத்திரை குடுத்துருக்காக. கல்யாணமாகி அஞ்சு வருசமாப் பிள்ளை இல்லக்கா. எனக்குத்தான் இருக்குமோ?"

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. என் அவமானத்தையே இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த இன்னொரு டப்பாவுக்கு உரியவள் என்ன ஆனாள் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. அந்த மாத்திரையைத் தொடாதே என்று சொல்லி, அன்றைக்கே அவர்களை மதுரைக்குக் கூட்டிப் போனேன். அதே டாக்டரம்மாதான் பார்த்தார். "துடிப்பு நல்லா இருக்கு" என்றதும் பாத்திமா என் தோளில் சாய்ந்து அழுதாள். துபாய்க்கு வீடியோ போட்டோம். அந்தப் பையன் ஸ்கேன் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னான்.

நோட்டீஸ் இரண்டு பேர் பெயரிலும் போனது. டாக்டர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார், எழுதியும் கொடுத்தார். பாத்திமாவிடம் கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கியது. என்னிடம் கேட்கும்போது சிரிப்பு வந்தது. டப்பா மாறியதை மன்னித்தேன்; அந்தச் சிரிப்பை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறந்த பெண் குழந்தைக்கு ஆயிஷா என்று பெயர். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பெருநாள் தவறினாலும் எங்கள் வீட்டுக்கு வருவது தவறாது. அவள் வாசலில் தலைகாட்டும்போது கவிதா வந்திருந்தால், "ஏம்மா, உன் சின்ன மக வந்துருக்கா" என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். சம்பந்தியம்மா போனில் நலம் விசாரிப்பதே, "ஏன் மதினி, நீங்க உண்டாகி பாத்திமா பெத்த பிள்ளை நல்லா இருக்கா?" என்றுதான்.

போன மாதம் ஆயிஷா என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள்.

"தாத்தா, நான் மொதல்ல யாரு வயித்துல இருந்தேன்?"

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"அது இன்னும் கேசுல இருக்கு தாயி. வாய்தா வாங்கியிருக்கோம்."